சிகரெட், குடை, தைலம்: நடிகர்கள் எல்லாருமே வேஷக்காரர்களா?

கேள்வி இது. குன்னூர் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மூன்று நாள் சீரியல் படப்பிடிப்பு நடந்திருக்கிறது. கேட்டவரின் அம்மா முப்பது வருடம் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி; அந்தத் தொடரை ஆறு வருடமாக விடாமல் பார்த்தவர். தொடரில் பொறுமையே உருவான மருமகளாக வரும் நடிகை, ஷாட் முடிந்ததும் ஜீன்ஸ் மாட்டிக்கொண்டு சிகரெட் பிடித்தாராம். குடை பிடித்து நின்ற பையனை எல்லார் முன்னாலும் கேவலமாகத் திட்டினாராம். அம்மா அன்றோடு தொடரை நிறுத்திவிட்டார். ஆனால் அந்த நடிகை விளம்பரத்தில் சொல்லும் மூட்டுவலித் தைலத்தை மட்டும் இன்னும் வாங்கித் தேய்க்கிறார். "படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில் என்று இருக்கும் இவர்கள் எல்லாருமே வேஷக்காரர்கள்தானா?" என்று மகன் கேட்டிருக்கிறார்.

நான் கோத்தகிரிக்காரன். 1998-லிருந்து இந்த மலைக்கு வரும் படப்பிடிப்புக் குழுக்களுக்கு இடம் காட்டுவது, அனுமதி வாங்கித் தருவது, ரூம் போடுவது, ஜெனரேட்டர் வண்டி நிற்க இடம் பிடிப்பது என்று பிழைத்து வருகிறேன். சினிமாக்காரர்களைவிட சீரியல் ஆட்களோடுதான் எனக்குப் பழக்கம் அதிகம். உங்கள் அம்மா அன்று பார்த்ததை நான் பலமுறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அவர் மனம் உடைந்ததை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. என் பதில்: எல்லாரும் வேஷக்காரர்கள் இல்லை. அந்த நடிகையும் நீங்கள் நினைக்கிற இடத்தில் வேஷக்காரர் இல்லை. நீங்கள் போகிற போக்கில் சொன்னீர்களே, தைலம், விஷயம் அங்கேதான் இருக்கிறது.

சிகரெட்டை முதலில் முடித்துவிடுகிறேன். அது கெட்ட பழக்கம். ஆனால் புகைக்க மாட்டேன் என்று அவர் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. அதே தொடரில் அவருக்குக் கணவராக வருபவரும் அன்று வண்டிக்குப் பின்னால் நின்று புகைத்திருக்கலாம். அதைப் பற்றி யாரும் இப்படிக் கேட்டு எழுத மாட்டார்கள். பெண் என்பதால் வரும் கூடுதல் கோபம் இது. அதை நாம் ஒத்துக்கொள்ள வேண்டும். ஜீன்ஸைப் பற்றிப் பேசவே தேவையில்லை. ஜனவரி முதல் ஏப்ரல் வரை பைன் காட்டுக்குள் யாராவது பற்றவைத்தால், அது எவ்வளவு பெரிய நட்சத்திரமாக இருந்தாலும் நானே போய் அணைக்கச் சொல்வேன். காய்ந்த ஊசியிலையில் ஒரு பொறி விழுந்தால் போதும். என் கவலை அதோடு சரி.

1987 ஜனவரியில் தூர்தர்ஷனில் தொடங்கிய ராமாயணத் தொடரில் ராமராக நடித்த அருண் கோவில், இது போன்ற ஒரு சம்பவத்தை அவரே சொல்லியிருக்கிறார். படப்பிடிப்பில் அவர் சிகரெட் பிடித்ததைப் பார்த்த ஒருவர், உங்களைக் கடவுளாக நினைக்கிறோம், நீங்கள் இப்படிச் செய்யலாமா என்று கொதித்துப் போனாராம். அதற்குப் பிறகு அவர் புகைப்பதை விட்டுவிட்டார். அது அவருடைய பெருந்தன்மை. விடாமல் இருந்திருந்தாலும் அவரைப் பொய்யர் என்று நான் சொல்லியிருக்க மாட்டேன்.

சரி, உங்கள் அம்மாவுக்கு ஏன் இவ்வளவு வலித்தது? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு ஆறு நாள். வருடத்துக்கு முந்நூறு எபிசோடுக்கு மேல். ஆறு வருடத்தில் 1,800-ஐத் தாண்டும். விளம்பரம் போக ஒன்றுக்கு இருபது நிமிடம் என்று வைத்தாலும் 600 மணி நேரம். மேட்டுப்பாளையத்தில் கூடப்பிறந்த தங்கை இருந்தால்கூட ஆறு வருடத்தில் 600 மணி நேரம் முகம் பார்த்து உட்கார்ந்திருக்க மாட்டார்.

இதை நான் வெளியிலிருந்து சொல்லவில்லை. என் அம்மாவும் கொழுந்து பறித்தவர். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து, டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் வாழ்ந்தவர். 2006-க்குப் பிறகு அரசு கொடுத்த இலவச கலர் டிவி வந்த வருடங்களை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்கு முன்னால் எங்கள் லைனில் சாயங்காலம் என்றால் இலையை எடை போட்டுவிட்டு வருவது, விறகு, அடுப்பு, அப்புறம் மேகம் இறங்கிவிடும், கதவைச் சாத்திக்கொள்வோம். டிவி வந்த பிறகு அந்தச் சாத்தின கதவுக்குள் தினமும் ஒரு பெண் வந்து அழுதாள், சமாளித்தாள், மறுநாளும் வந்தாள். என் அம்மா அவளுக்குப் பதில் சொல்வார். "அவனை நம்பாதடி" என்று திரையைப் பார்த்துச் சத்தமாகவே சொல்வார்.

இந்த உறவுக்கு ஆராய்ச்சியாளர்கள் 'பாராசோஷியல்' உறவு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1956-லேயே இதைப் பற்றி எழுதினார்கள். திரையில் வருபவரோடு பார்ப்பவருக்கு நேரில் பழகிய மாதிரியே நெருக்கம் வருகிறது, ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு இழைகூட இந்தப் பக்கம் வருவதில்லை என்பதுதான் அவர்கள் சொன்னது. அவர்கள் அமெரிக்க டிவியைப் பார்த்து எழுதினார்கள். குன்னூர் லைன் வீட்டுக்கு அது அப்படியே பொருந்துகிறது. ஆகவே உங்கள் அம்மா ஏமாந்தவர் இல்லை. 600 மணி நேரம் பழகிய யார்மேலும் வரும் பாசம்தான் அவருக்கும் வந்தது. அந்தப் பெண் தன் கண்ணெதிரே வேறு ஆளாக மாறினால் யாருக்கும் வயிற்றைக் கலக்கும்.

ஆனால் அவர் பழகியது யாரோடு? இதை அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, நீங்கள்தான் சொல்ல வேண்டும். அந்த மருமகளின் பொறுமையைச் சென்னையில் உட்கார்ந்து ஒருவர் எழுதுகிறார். வசனத்தை இன்னொருவர் எழுதுவதும் உண்டு. படப்பிடிப்பில் கேமராவுக்குப் பக்கத்தில் உதவி இயக்குநர் சீன் பேப்பரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகச் சொல்லிக் கொடுப்பார். நடிகை அதைக் கேட்டு, உடனே முகத்தில் உணர்ச்சி கொண்டுவந்து, திருப்பிச் சொல்வார். இதற்கு ப்ராம்ப்ட் என்று பெயர். தமிழ்த் தொடர்களில் நிறைய கதாநாயகிகள் பெங்களூரிலிருந்தோ கேரளத்திலிருந்தோ வருபவர்கள். சிலருக்குத் தமிழ் அரைகுறைதான். அவர்களுக்குப் பின்னணிக் குரல் கொடுப்பது வேறொரு பெண். உங்கள் அம்மா கேட்டுக் கேட்டுக் கரைந்த குரல், சென்னையில் ஒரு டப்பிங் அறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நிற்கும் யாரோ ஒருவருடையதாக இருக்கலாம். அவர் பெயர் டைட்டிலில் ஓடி மறைந்துவிடும். ஆக, அந்த மருமகள் மூன்று நான்கு பேர் சேர்ந்து செய்த ஒரு உருவம். நடிகை அதற்கு முகம் கொடுக்கிறார். அதை நன்றாகக் கொடுத்தார் என்பதற்கு உங்கள் அம்மாவின் கண்ணீரே சாட்சி. அந்த உழைப்பில் பொய் எதுவும் இல்லை.

இன்னொரு பக்கமிருந்தும் பார்க்கலாம். எம்.என்.நம்பியாரை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் மலைக்காரர்களுக்கு அவர்மேல் தனி உரிமை உண்டு. கண்ணூர் பக்கம் பிறந்தவர் என்றாலும் சின்ன வயதில் ஊட்டியில் வளர்ந்தவர். 13 வயதில் நவாப் ராஜமாணிக்கம் நாடகக் குழுவில் சேர்ந்தார். அப்புறம் 2008-ல் இறக்கும்வரை தமிழ்நாட்டுக்கு அவர்தான் வில்லன். கையைப் பிசைந்துகொண்டு அவர் திரையில் நடந்து வந்தால் கொட்டகையில் பெண்கள் சாபம் விடுவார்கள். நேரிலோ, குடி கிடையாது, புகை கிடையாது, இறைச்சி கிடையாது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் சபரிமலைக்குப் போனவர், எத்தனையோ பேருக்கு மாலை போட்டுவிட்ட மகா குருசாமி. இப்போது சொல்லுங்கள், நம்பியாரை யாராவது போலி என்று சொன்னோமா? திரையில் ஒன்று, வாழ்க்கையில் ஒன்று என்பதுதான் குற்றம் என்றால் அவரும் குற்றவாளிதான். யாரும் அப்படிச் சொல்லவில்லை. வித்தியாசம் நல்லதுக்கு என்றால் வியக்கிறோம், கெட்டதுக்கு என்றால் ஏமாற்று என்கிறோம். அளவுகோல் ஒன்றாக இருக்க வேண்டாமா?

வில்லி வேடம் போடும் பெண்கள் இதனால் படும் பாட்டை நான் நேரில் பார்த்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன், கோத்தகிரி சந்தையில் கேரட் வாங்க நின்ற ஒரு நடிகையை ஒரு பாட்டி பிடித்துக்கொண்டார். "அந்தப் புள்ளத்தாச்சிக்கு ஏன்டி பால்ல விஷம் வெச்ச?" என்று சந்தையே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார். நடிகைக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் பாட்டியின் கையைப் பிடித்து, "இனிமே வைக்க மாட்டேன்மா" என்றார். பாட்டி கொஞ்சம் யோசித்துவிட்டு, "எளச்சுப் போயிட்டியே, சாப்பிடறியா இல்லையா?" என்று கேட்டார். வண்டியில் ஏறின பிறகு அந்த நடிகை அழுதார். திட்டு வாங்கியதற்கு இல்லையாம். தன் சொந்த மாமியாரே இரண்டு வருடமாகத் தன்னிடம் சரியாகப் பேசுவதில்லை என்று சொன்னார்.

இனி குடை பிடித்த பையன். இங்கே நான் நடிகைக்கு வக்காலத்து வாங்கப் போவதில்லை.

சூழ்நிலையை மட்டும் சொல்கிறேன். மலைக்கு வருவது தயாரிப்பாளருக்குச் செலவு. அதனால் மூன்று நாளில் ஏழெட்டு எபிசோடுக்குத் தேவையானதைத் தேற்றிக்கொண்டு போகப் பார்ப்பார்கள். காலை ஆறு மணிக்கு மேக்கப். நாலு மணிக்கெல்லாம் மேகம் மூடி வெளிச்சம் போய்விடும். அதற்குள் எடுத்து முடிக்க வேண்டும் என்று எல்லார் கழுத்திலும் கத்தி. போன காட்சியில் கட்டியிருந்த அதே மெல்லிய சேலை, ஸ்வெட்டர் போட முடியாது, கால் விறைக்கும். வாயைத் திறந்தால் புகை வருகிறது, வசனம் பேசும்போது பல் கிட்டிக்கொள்கிறது என்று மறுபடி மறுபடி எடுப்பார்கள். எரிச்சல் வரும். எனக்கே வரும்.

அந்தப் பையனுக்கும் அதே குளிர்தான். அவனுக்கு மேக்கப் வேனும் இல்லை, ஹீட்டரும் இல்லை, திருப்பித் திட்டுகிற உரிமையும் இல்லை. இருபது பேர் முன்னால் அவனைக் கேவலப்படுத்தியது தவறு. அதை இறுமாப்பு என்று சொல்லுங்கள், ஈரமில்லாத குணம் என்று சொல்லுங்கள், நானும் உங்களோடு சேர்ந்து சொல்கிறேன். போலித்தனம் என்று மட்டும் சொல்லாதீர்கள். ஏன் இதில் பிடிவாதமாக இருக்கிறேன் என்றால், அதே நடிகை தொடரில் வில்லியாக வந்திருந்து இதே பையனை இப்படித் திட்டியிருந்தால் உங்கள் அம்மா என்ன சொல்லியிருப்பார்? "பார், நிஜத்திலும் இவ இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த நாளும் தொடரைப் பார்த்திருப்பார். பையனுக்கு நடந்த அவமானம் இரண்டு தடவையும் ஒன்றுதான். திரையில் அவர் யாராக வருகிறார் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. போலி, வேஷம் என்று பேச ஆரம்பித்தவுடன் பேச்சு முழுக்க நம்முடைய ஏமாற்றத்தைப் பற்றியதாக மாறிவிடுகிறது. குடை பிடித்தவன் காணாமல் போய்விடுகிறான். உங்கள் கேள்வியிலும் அவனுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று இல்லை.

மாறாக நடந்துகொள்பவர்களும் உண்டு. லைட்மேன் சாப்பிட்டாரா என்று கேட்டுவிட்டுத் தட்டில் கை வைப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் திரையில் என்ன வேடம் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்து இது மாறி நான் பார்த்ததில்லை.

அப்படியென்றால் போலித்தனம் என்பது எது? வள்ளுவர் கூடாவொழுக்கத்தைப் பற்றிச் சொல்லும்போது புலித்தோல் போர்த்திக்கொண்டு பயிரை மேய்ந்த பசுவைக் காட்டுகிறார். எனக்கு அந்த உவமை எப்போதும் பிடிக்கும். பசு புலித்தோல் போர்த்தியதோடு நிற்கவில்லை. அந்தத் தோலைப் பார்த்துக் காவல்காரன் பயந்து ஒதுங்க, அந்த நேரத்தில் அடுத்தவன் வயலில் வாய் வைத்தது. போர்த்திக்கொண்டு மேடையில் ஆடிவிட்டுக் கழற்றி வைத்திருந்தால் அது கூத்து. போர்த்திக்கொண்டு மேய்ந்ததுதான் வஞ்சகம். நடிகருக்கும் இதே கோடுதான். வேடத்தில் கிடைத்த நல்ல பெயரைத் திரைக்கு வெளியே கொண்டுவந்து, தன் சொந்தப் பெயரில், யாரிடமாவது எதையாவது பெறப் பயன்படுத்தினால் அங்கேதான் கேள்வி கேட்க வேண்டும்.

உலகமே பார்த்த உதாரணம் பில் காஸ்பி. 1984 முதல் 1992 வரை ஓடிய அமெரிக்கத் தொடரில் அன்பான அப்பாவாக, மருத்துவராக வந்தவர். வேடத்தோடு அவர் நிற்கவில்லை. கறுப்பினக் குடும்பங்கள் பிள்ளைகளை எப்படி வளர்க்க வேண்டும் என்று மேடை மேடையாக உபதேசம் செய்தார். 2004-ல் அவர் அப்படிப் பேசிய ஒரு உரை பெரிய விவாதமானது. பிறகு ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் அவர்மேல் பாலியல் குற்றச்சாட்டுச் சொன்னார்கள். பழைய சிவில் வழக்கு ஒன்றில் அவர் கொடுத்த வாக்குமூலத்தின் பகுதிகளை மூடியே வைக்க வேண்டும் என்று அவர் தரப்பு வாதாடியது. 2015 ஜூலையில் நீதிபதி எட்வர்டோ ரொப்ரேனோ அதை வெளியிட அனுமதித்தார். அதற்கு அவர் சொன்ன காரணம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. புகழ்பெற்ற நடிகர் என்பதை அவர் காரணமாகக் காட்டவில்லை. ஊருக்கு ஒழுக்கம் சொல்பவராகத் தன்னைத் தானே நிறுத்திக்கொண்டவர் என்பதைத்தான் காட்டினார். அப்படி நின்றவரின் பேச்சுக்கும் அவர்மேல் உள்ள குற்றச்சாட்டுக்கும் உள்ள முரணை அறிய மக்களுக்கு நியாயமான அக்கறை உண்டு என்பது அவர் தீர்ப்பு. 2018-ல் காஸ்பி குற்றவாளி என்று தீர்ப்பானது. 2021-ல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் வழக்கு நடத்திய முறையில் இருந்த குறையைக் காட்டி அதை ரத்து செய்தது. ஆனால் நீதிபதி போட்ட அந்தக் கோடு, வேடம் இந்தப் பக்கம், தானே ஏறிக்கொண்ட உபதேச மேடை அந்தப் பக்கம் என்ற கோடு, எனக்கு இன்னும் சரியென்றே படுகிறது.

நம் நாட்டில் வேடத்தின் பெயரை ஓட்டாக மாற்றுவது வழக்கமான ஒன்று. அதே ராமாயணத்தில் சீதையாக வந்த தீபிகா 1991-ல் வதோதராவிலிருந்து மக்களவைக்குப் போனார். சீதையின் கற்புக்கும் பொறுமைக்கும் விழுந்த ஓட்டு என்று சொல்லத் தோன்றும். அதே 1991-ல் ராவணனாக நடித்த அரவிந்த் திரிவேதியும் குஜராத்திலேயே சபர்காந்தா தொகுதியில் ஜெயித்தார். சீதைக்கும் ஓட்டு, ராவணனுக்கும் ஓட்டு. மக்கள் குணத்தைப் பார்த்துக் குழம்பவில்லை, தெரிந்த முகம் என்றுதான் போட்டார்கள் என்று நான் நினைக்கிறேன். ராமர் ஜெயிக்க 2024 ஆயிற்று, மீரட்டில்.

என் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். நீலகிரியில் பிளாஸ்டிக் தடை 2000-களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. மாநிலம் முழுக்க ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்த 2019-க்கு வெகு முன்னால். குடிதண்ணீர் பாட்டில்கூட இங்கே கொண்டுவரக் கூடாது, சாலையோரம் தண்ணீர் ஏடிஎம் வைத்திருக்கிறார்கள், கல்லாறிலும் குஞ்சப்பனையிலும் வண்டியை நிறுத்திப் பார்ப்பார்கள். ஒரு தொடருக்காக வந்த கதாநாயகன் ஒருவரிடம், உள்ளூர்ப் பிள்ளைகள் கேட்டதற்காக, பிளாஸ்டிக்கைத் தவிர்ப்போம் என்று ஒரு நிமிட வீடியோ எடுத்தார்கள். தன் பெயரைச் சொல்லி, "இந்த மலை என் தாய்வீடு மாதிரி" என்று அழகாகப் பேசினார். நாலாம் நாள் பேக்கப் ஆனதும் பார்க்கிறேன், பைன் மரங்களுக்கு நடுவே இரண்டு சாக்கு பாட்டில். ஜெனரேட்டர் வண்டியில் ஒளித்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். அவரும் அதில்தான் குடித்தார். நானும் என் டிரைவரும் பொறுக்கினோம். அடுத்த முறை வந்தபோது நேரிலேயே கேட்டேன். "அது அவங்க எழுதிக் கொடுத்ததுண்ணே, நான் பேசினேன், அவ்வளவுதான்" என்றார்.

அந்தப் பதில் எனக்கு இன்னும் ஆறவில்லை. தொடரில் பேசும் வசனத்துக்கு அது சரியான பதில். எழுதியவர் வேறு, பேசியவர் வேறு. ஆனால் தன் சொந்தப் பெயரைச் சொல்லி, தன் சொந்த முகத்தோடு, நான் கேட்டுக்கொள்கிறேன் என்று ஊர்ப் பிள்ளைகளிடம் பேசிவிட்டு, எழுதிக் கொடுத்தார்கள் என்று சொல்ல முடியாது. சிகரெட் பிடித்த உங்கள் நடிகையைவிட இவர்தான் எனக்கு வேஷக்காரராகத் தெரிகிறார்.

நடிகர்களையே பார்த்துக்கொண்டிருந்தால் இன்னொன்று தப்பிவிடும். தொடர்களை எடுப்பவர்களும் உபதேசம் செய்பவர்கள்தான். பெண்ணின் மானம், குடும்பத்தின் கௌரவம் என்று ஒவ்வொரு எபிசோடிலும் வசனம் வரும். அதை எடுக்கும் இடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இருக்காது. கதாநாயகிக்கு வேன் இருக்கும். ஹேர் டிரெஸ்ஸர், துணை நடிகைகள், கூட்டத்தில் நிற்க வந்த பெண்கள் எங்கே போவார்கள்? எத்தனையோ தடவை நான் லைன் வீடுகளின் கதவைத் தட்டி, "அக்கா, இந்தப் பொண்ணுங்களுக்குக் கொஞ்சம் பாத்ரூம்" என்று கேட்டிருக்கிறேன். உங்கள் அம்மா வீட்டுக் கதவும் தட்டப்பட்டிருக்கலாம். கேரளத்தில் சினிமா துறைப் பெண்களின் நிலையை ஆராய 2017-ல் அமைத்த ஹேமா கமிட்டியின் அறிக்கை 2024 ஆகஸ்டில்தான் வெளியே வந்தது. அதில் கழிப்பறையும் உடை மாற்ற இடமும் இல்லாத கொடுமையை விரிவாக எழுதியிருந்தார்கள். படித்தபோது எனக்குப் புதிதாக எதுவும் தெரியவில்லை. அப்புறம், கொழுந்து பறிக்கும் பெண்களையே கூட்டி வந்து, கொழுந்து பறிப்பதாக நடிக்கச் சொல்லி, ஈரம் படாமல் இடுப்பில் கட்டியிருந்த படுதாவை அவிழ்க்கச் சொல்லிப் பளிச்சென்று சேலை கொடுத்து நிறுத்துவார்கள். சென்னையிலிருந்து வந்த துணை நடிகைக்குக் கொடுப்பதில் பாதிகூட அவர்களுக்குக் கொடுக்க மாட்டார்கள். தொடரின் கதை என்னவோ ஏழைத் தொழிலாளிக்கு நியாயம் கேட்பதாக இருக்கும்.

தைலத்துக்கு வருகிறேன்.

தைலத்தை விற்பவர் யார்? பெயரளவில் நடிகை. ஆனால் அவர் விளம்பரத்தில் ஜீன்ஸ் போட்டு வருவதில்லை. அதே சேலை, அதே பொட்டு, அதே தணிந்த முகம். தைலக் கம்பெனிக்குத் தேவைப்பட்டது அந்த மருமகள்தான். அவள்மேல் உங்கள் அம்மா 600 மணி நேரத்தில் சேர்த்து வைத்த நம்பிக்கைதான் விற்கப்படுகிறது. இங்கே எழுதியவர் வேறு, நான் நடித்தேன் என்ற பேச்சு செல்லாது. "என் மாமியாருக்கு நான் இதைத்தான் தேய்க்கிறேன்" என்று அவர் சொல்கிறார், அதைக் கேட்டு ஒரு ஓய்வுபெற்ற தொழிலாளி தன் பென்ஷன் காசை எடுக்கிறார். புலித்தோலும் இருக்கிறது, வயலும் இருக்கிறது.

சட்டமும் இதையே சொல்கிறது. 2020 ஜூலையில் அமலுக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, விளம்பரத்தில் தோன்றி ஒரு பொருளைப் பரிந்துரைப்பவரையும் பொறுப்பாக்குகிறது. தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்றால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. முதல் தடவை ஒரு வருடம் வரை, அடுத்து மூன்று வருடம் வரை எந்தப் பொருளையும் பரிந்துரைக்கக் கூடாது என்று தடை போடலாம். சொல்வது உண்மையா என்று முறையாக விசாரித்துப் பார்த்திருந்தால் தப்பலாம். 2022 ஜூனில் வந்த விதிமுறைகள், பரிந்துரைப்பவர் சொல்வது அவருடைய உண்மையான கருத்தாக இருக்க வேண்டும், பொருளைப் பற்றிப் போதுமான தகவலோ அனுபவமோ அவருக்கு இருக்க வேண்டும் என்கின்றன. தொடரில் யாருக்கு வேண்டுமானாலும் விஷம் வைக்கலாம், யாருக்கு வேண்டுமானாலும் பாதபூஜை செய்யலாம், சட்டம் கேட்காது. விளம்பரத்தில் ஒரு வாக்கியம் பொய்யாகச் சொன்னால் கேட்கும்.

நடிகைகள் ஏன் இதற்குப் போகிறார்கள் என்றும் எனக்குத் தெரியும். சம்பளம் நாள் கணக்கில். மாதத்துக்கு இத்தனை நாள் என்று கால்ஷீட். ரேட்டிங் விழுந்தால் கதையில் ஒரு விபத்து, படத்துக்கு மாலை, வேலை முடிந்தது. அடுத்த தொடர் எப்போது என்று யாருக்கும் தெரியாது. முகம் ஊருக்குத் தெரிந்திருக்கும் நாலைந்து வருடத்துக்குள் நகைக்கடை திறப்பு, துணிக்கடை, தைலம் என்று சேர்த்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். பரிதாபமாகத்தான் இருக்கிறது. அதற்காக உங்கள் அம்மாவின் பணமும் முழங்காலும் இலவசம் ஆகிவிடாது. அந்தத் தைலம் நல்லதா கெட்டதா என்று நான் சொல்ல முடியாது. அந்த நடிகை அதைப் பயன்படுத்தினாரா, விசாரித்தாரா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. வலி முழுக்கப் போய்விடும், ஆபரேஷனே வேண்டாம் என்கிற மாதிரி விளம்பரத்தில் சொன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம், தமிழிலேயே பேசலாம்.

அம்மா தொடரைப் பார்க்கட்டும். அதை நிறுத்தச் சொல்ல எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை, அந்த மருமகள் அவருக்கு ஒரு துரோகமும் செய்யவில்லை. தைலத்தை நிறுத்திவிட்டு, ஒரு நாள் லீவு போட்டு அவரைக் குன்னூர் லாலி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். முப்பது வருடம் சரிவில் ஒரு காலை மேலேயும் ஒரு காலைக் கீழேயும் வைத்து நின்று பறித்தவர் என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். என் அம்மாவை நான் கூட்டிக்கொண்டு போனது ரொம்பத் தாமதமாகத்தான். அதற்குள் அவர் வீட்டில் பதினோரு காலி பாட்டில் சேர்ந்திருந்தது, எல்லாவற்றிலும் ஏதோ ஒரு தொடரின் முகம் சிரித்துக்கொண்டிருந்தது.